மாணவர் வீதிக்கு வந்தால் ஊருக்கு நன்மையா, தீமையா?

(மறைமலைநகர் பட்டிமன்றத்தில் நடுவரின் தீர்ப்புரை)



ரெண்டு அணியும் பேசி முடிச்சாச்சு. இனி தீர்ப்பு. ‘நன்மை’ன்னு சொன்னா இந்த ஊர்க் கடைக்காரங்க முறைப்பாங்க. ‘தீமை’ன்னு சொன்னா நாளைக்கு நான் வகுப்புக்குள்ளே நுழைய முடியாது! (சிரிப்பு)

முதல்ல ‘தீமையே’ அணியின் வாதத்தைப் பார்ப்போம். அந்த அம்மா என்ன சொன்னாங்க? ஜி.எஸ்.டி. சாலையை அரை மணி நேரம் மறிச்சுப் பாருங்க. ஷிப்டுக்குப் போற தொழிலாளிக்குச் சம்பளம் போச்சு. செங்கல்பட்டு அரசு மருத்துவமனைக்குப் போற ஆம்புலன்ஸ் நடுவழியில நிக்கும். கோரிக்கை யார்கிட்டே? கோட்டையில இருக்கிறவர்கிட்டே. கஷ்டம் யாருக்கு? ரோட்டுல நிக்கிறவருக்கு.

நியாயமான வாதம். வீட்டிலேயே பார்க்கிறோமே! பையன் சைக்கிள் கேட்டான், அப்பா மாட்டேன்னுட்டார். பையன் தட்டைத் தள்ளிவிட்டுட்டுப் படுத்துட்டான். போராட்டம் அப்பாவை எதிர்த்து. ஆனா அன்னைக்கு ராத்திரி அப்பா சாப்பிட்டுத் தூங்கிடுவார். பட்டினி கிடக்கிறது அம்மா. (கைதட்டல்) ஒரு நகரத்திலே போராட்டத்தின் சுமை எப்பவும் அந்த அம்மா மாதிரி இருக்கிறவங்க தலையிலேதான் விழுது.

இப்போ ‘நன்மையே’ அணி. அழுத பிள்ளைதான் பால் குடிக்கும் என்றார் தம்பி. அதோடு, நீங்க உட்கார்ந்திருக்கிற ஊர் யார் பேருன்னு கேட்டார். மறைமலையடிகள்! 1937-38-ல் பள்ளிக்கூடத்திலே கட்டாய இந்தி வந்தபோது எதிர்த்து மேடை ஏறியவர் அவர். அந்தப் போராட்டத்திலே சிறைக்குப் போய், நோயுற்று இறந்தவர்கள் நடராசனும் தாளமுத்துவும். 1940-ல் அந்தக் கட்டாயம் நீக்கப்பட்டது. இந்த ஊரைத் திட்டம் போட்டு உருவாக்கினது சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம். எழும்பூரிலே இருக்கிற அதன் அலுவலகத்துக்குப் பேர் என்ன தெரியுமா? தாளமுத்து நடராசன் மாளிகை! நகரத்துக்குத் திட்டம் போடுற கட்டடத்துக்கே போராடிச் செத்தவங்க பேர். அவங்க மாணவர்கள் இல்லைதான். ஆனாலும் போராட்டம் ஊருக்குக் கேடுன்னா இந்தப் பேரை வெச்சிருப்போமா?

மாணவர் போராட்டம்னா 1965-ஐத் தொடாமல் முடியாது. அந்த ஜனவரி 26 முதல் இந்தி மட்டுமே ஆட்சிமொழி ஆகிவிடுமோ என்று அச்சம். ஜனவரி 25-ல் மதுரையிலே மாணவர் ஊர்வலத்தில் மோதல் வெடிச்சுது. 27-ஆம் தேதி சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழக மாணவர் ராசேந்திரன் துப்பாக்கிச் சூட்டிலே இறந்தார். அரசுக் கணக்குப்படியே ஏறத்தாழ 70 உயிர்கள். அதிலே போலீஸ்காரங்களும் உண்டு. அவங்களுக்கும் பெண்டாட்டி பிள்ளைகள் உண்டு. பிப்ரவரியிலே மத்திய அமைச்சர்கள் ரெண்டு பேர் ராஜினாமாக் கடிதம் கொடுத்தாங்க. ஒருவர் சி. சுப்பிரமணியம். இன்னொருவர் ஓ.வி. அளகேசன், உங்க செங்கல்பட்டுத் தொகுதியின் அன்றைய எம்.பி.! அதன் பிறகு பிரதமர் சாஸ்திரி வானொலியில் பேசி, இந்தி பேசாத மாநிலங்களுக்கு நேரு கொடுத்த வாக்குறுதி காப்பாற்றப்படும் என்றார்.

உடனே ஒருத்தர் கேட்பீங்க: ‘ஐயா, அப்போ தீயும் ரத்தமும் இருந்ததாலேதானே டில்லி கேட்டுச்சு?’ கஷ்டமான கேள்வி. நான் நழுவ விரும்பலை. அன்னைக்கு ஓட்டுப் போடும் வயசு 21. அது 18 ஆனது 1989-ல். பத்தொன்பது வயசுப் பையனுக்குத் தன் வேலையைப் பாதிக்கிற சட்டத்தைப் பற்றி ஓட்டு இல்லை; இருந்தது தெரு மட்டும்தான். ஆனா தெருவிலே கிடைச்சது வானொலி வாக்குறுதி. அது சட்டமானது 1967-ல் கொண்டுவந்த திருத்தத்தாலே. நடுவிலே என்ன நடந்தது? தேர்தல்! மாணவர் தலைவர் பெ. சீனிவாசன் விருதுநகரில் காமராசரையே 1,285 வாக்கிலே தோற்கடிச்சார். கதவைத் தட்டினது தெரு. கதவைத் திறந்தது ஓட்டுச் சீட்டு. (கைதட்டல்)

அடுத்தது 2017 ஜனவரி, மெரினா. சல்லிக்கட்டுத் தடையை எதிர்த்து 17-ஆம் தேதி உட்கார்ந்த பிள்ளைகள், தாங்களே போக்குவரத்தை ஒழுங்கு பண்ணினாங்க, தாங்களே குப்பை பொறுக்கினாங்க. வீட்டிலே சாப்பிட்ட தட்டை எடுக்காத பிள்ளை அங்கே கடற்கரையைக் கூட்டுது! (சிரிப்பு) 21-ஆம் தேதி அவசரச் சட்டம் வந்தது. 23-ஆம் தேதி காலையிலே போலீசார் கூட்டத்தைக் கலைச்சபோது கலவரம். ஐஸ் அவுஸ் காவல் நிலையத்திலே தீ. நடுக்குப்பம் மீன் சந்தை எரிஞ்சுது. அன்றாடம் கூடை வெச்சு மீன் விக்கிற பெண்களுக்குப் பிழைப்புப் போச்சு. யார் வெச்ச தீ என்று விசாரணை ஆணையமே போட வேண்டி வந்தது. தேதியைக் கவனிங்க. அவசரச் சட்டம் வந்தது அமைதி இருந்த நாளிலே. சந்தை எரிஞ்சது அதற்குப் பிறகு.

இதைத்தான் சிலப்பதிகாரத்திலேயும் பார்க்கிறோம். கண்ணகி ஒற்றைச் சிலம்போடு மதுரை வீதியிலே நடந்தாள். நீதி எதாலே கிடைச்சது? சிலம்பை உடைச்சபோது தெறிச்ச மாணிக்கத்தாலே. பாண்டியன் தவறை உணர்ந்து அங்கேயே உயிரை விட்டுட்டான். தீ வந்தது அதற்குப் பின்னாலே. அந்தத் தீ அரசனைத் தண்டிக்கலை, அவன்தான் செத்துட்டானே! வெந்தது ஊர்.

சரி, போராட்டமே வேண்டாம், தெரு அமைதியா இருக்கட்டும்னு சொல்லலாமா? ஹாங்காங்கைப் பாருங்க. 2014-ல் மாணவர்கள் ‘எங்க தலைவரை நாங்களே தேர்ந்தெடுக்கணும்’னு 79 நாள் சாலையிலே இருந்தாங்க. வியாபாரம் கெட்டுதுன்னு கடைக்காரங்களும் டாக்சிக்காரங்களும் கோபப்பட்டது உண்மை. 2019-ல் மறுபடி போராட்டம், இந்த முறை வன்முறையும் சேர்ந்தது. 2020-ல் தேசியப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. தெரு அடங்கிடுச்சு. பஸ் நேரத்துக்கு ஓடுது. ஆனா தங்களுக்குள்ளே வேட்பாளரைத் தேர்ந்தெடுக்க ஒரு முன்தேர்தல் நடத்தினதுக்காக 2024 நவம்பரில் 45 பேருக்குச் சிறைத்தண்டனை. 2014-ல் மாணவரா நின்ன ஜோஷுவா வோங்கும் அதிலே ஒருத்தர். கடைக்காரருக்கு இன்னைக்கு மறியல் தொல்லை இல்லை. நாளைக்கு அந்தக் கடைக்காரருக்கே அநியாயம் நடந்தா, அவருக்காகக் கேட்க யார் மிச்சம்?

ஆகவே என் தீர்ப்பு: மாணவர் வீதிக்கு வருவது ஊருக்கு நன்மையே! (பலத்த கைதட்டல்) கொஞ்சம் பொறுங்க, தட்டினவங்களுக்கு மூணு வேலை இருக்கு. ஒண்ணு, ஆம்புலன்சுக்கும் அன்றாடக் கூலிக்கும் வழி விடணும். ரெண்டு, கேட்டது கிடைச்சதும் எழுந்திருக்கத் தெரியணும். மூணு, அன்னைக்கு இல்லாத ஓட்டு இன்னைக்கு 18 வயசிலேயே உங்க கையிலே இருக்கு. தெருவிலே கோஷம் போட்டுட்டு, தேர்தல் அன்னைக்குத் தூங்கக் கூடாது.

ஆட்சியில் இருப்பவர்களுக்கும் ஒண்ணு. பிள்ளை மனுக் கொடுக்கும்போதே காது கொடுங்க. தட்டைத் தள்ளுற வரைக்கும் காத்திருந்தா, பட்டினி கிடக்கப் போறது நீங்க இல்லை, ஊர்.