வரிக் கணக்கு – 9: பாயின்ட்டில் எடுத்த டிக்கெட்

அமெரிக்காவில் சொந்தத் தொழில் செய்பவர்கள் வீட்டின் ஓர் அறையை அலுவலகமாகக் கணக்குக் காட்டுவது பற்றிப் போன வாரம் பார்த்தோம். இந்த வாரம் பயணம். அதிலும் கிரெடிட் கார்டு பாயின்ட்டைக் கொடுத்து எடுக்கிற விமான டிக்கெட்.

நியூயார்க்கிலிருந்து சிகாகோவுக்கு வாடிக்கையாளரைப் பார்க்கப் போகிறீர்கள். டிக்கெட் விலை 400 டாலர், பாயின்ட்டில் எடுத்துவிட்டீர்கள். அந்த 400 டாலரைத் தொழில் செலவாக எழுதலாமா? கூடாது. வரித்துறையான ஐ.ஆர்.எஸ்.ஸின் 463-ஆம் எண் வெளியீடு இதில் மழுப்பவே இல்லை. சலுகைத் திட்டத்தில் இலவசமாகப் பறந்தால் உங்கள் செலவு பூஜ்யம். டிக்கெட்டோடு ஒரு வழிக்கு 5.60 டாலர் பாதுகாப்புக் கட்டணம் கட்டுகிறீர்களே, அதை எழுதலாம். ஓட்டலுக்கும் டாக்ஸிக்கும் கொடுத்ததை எழுதலாம்.

பாயின்ட்டே வருமானம் ஆகாதா? கார்டைத் தேய்த்துப் பொருள் வாங்கியதற்குக் கிடைப்பதைப் பொதுவாக விலைத் தள்ளுபடியாகத்தான் பார்க்கிறார்கள். அதற்கு வரி இல்லை. ஆனால் தொழிலுக்காக 1,000 டாலருக்குச் சாமான் வாங்கி 20 டாலர் கேஷ்பேக் வந்தால், செலவு 980தான். பலர் கோட்டை விடுகிற இடம் இது. வங்கிக் கணக்கு தொடங்கியதற்கு வரும் பாயின்ட் வேறு ரகம். அப்படி வந்த பாயின்ட்டில் ஒரு தம்பதி எடுத்த டிக்கெட்டை வட்டி போலக் கருதி, 668 டாலரை வருமானத்தில் சேர்த்தது வரி நீதிமன்றம், 2014-ல்.

கம்பெனி காசில் பறந்து, அதற்கு விமான நிறுவனம் தரும் சலுகை மைல்களைத் தன் பெயரில் சேர்ப்பவர் கதை இன்னும் சுவையானது. கலிபோர்னியாவில் ட்ரூஸ்டெயில் என்ற பரிசோதனைக் கூடத்தின் தலைவர் சார்லி. 1988-ல் நான்கு பயணங்களுக்கு அவருடைய கம்பெனி முதல் வகுப்புக் கட்டணம் கொடுத்தது. டிராவல் ஏஜென்ட் எடுத்ததோ சாதாரண வகுப்பு டிக்கெட். சார்லி தன் மைல்களைக் கொடுத்து அதை முதல் வகுப்பாக மாற்றிக்கொண்டார். மிச்சமான 3,149.93 டாலர் ஏஜென்ட்டிடம் இருந்த அவருடைய சொந்தக் கணக்கில் ஏறியது. 1996-ல் ஒன்பதாவது வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் வரி உண்டு என்றது. கம்பெனி கொடுத்தது என்றால் அது சம்பளம். மைலை விற்றார் என்றால், காசு போடாமல் வந்த சரக்கு, விற்ற தொகை முழுவதும் லாபம். எந்தப் பக்கம் போனாலும் தப்ப முடியாத தீர்ப்பு. அது சரியான தீர்ப்பும்கூட.

அலுவல் பயணத்தில் சேர்ந்த மைலில் குடும்பத்தோடு ஊர் சுற்றினால்? வரி கேட்க மாட்டோம் என்று 2002-ல் அறிவிப்பு வெளியிட்டது ஐ.ஆர்.எஸ். மைலைக் காசாக்கினாலோ, சம்பளத்துக்குப் பதிலாகக் கொடுத்தாலோ, வரி ஏய்ப்புக்குப் பயன்படுத்தினாலோ அந்த அறிவிப்பு துணைக்கு வராது.

என் குறை இதுதான்: அது வெறும் அறிவிப்பு, சட்டமல்ல. துறை நினைத்தால் மாற்றிக்கொள்ளலாம். பெட்டியும் கையுமாக அலைந்து சம்பாதிக்கிறவர் ஒரு துறையின் பெருந்தன்மையை நம்பிக் கணக்கு எழுதுவது நியாயமே இல்லை. அந்த நாலு வரியை நாடாளுமன்றம் சட்டத்திலேயே எழுதிவைக்க வேண்டும்.