மோட்டாருக்கு எந்த எண்ணெய்?

தாளிப்பதற்கு நல்லெண்ணெயா, கடலை எண்ணெயா என்ற விவாதம் தமிழர் இல்லங்களில் ஒருநாளும் ஓயப்போவதில்லை. இப்போது அதற்கு ஈடாக வாசலிலும் ஒரு விவாதம் புகுந்திருக்கிறது. மோட்டார் வண்டி வைத்திருப்போர் நால்வர் கூடினால், "இன்னும் சாதாரண ஆயில்தானா? சிந்தெடிக்குக்கு மாறவில்லையா?" என்ற கேள்வி எழாமல் இருப்பதில்லை. சாதாரண எண்ணெயைக் காட்டிலும் இரண்டு மூன்று மடங்கு விலை பெறும் வஸ்து அது. கொடுக்கும் பணத்துக்குப் பலன் உண்டா, உண்டென்றால் யாருக்கு என்பதைத் திருச்சிராப்பள்ளி, ஸ்ரீரங்கம் வாசிகளின் நிலையிலிருந்து நாம் சற்று ஆராய்ந்து பார்ப்போம்.

எஞ்சினுக்குள் எண்ணெய் செய்யும் ஊழியம் என்ன என்பதை முதலில் அறிந்துகொள்வது நலம். உலோகத்தோடு உலோகம் உராயாதபடி நடுவே மெல்லிய படலமாக நிற்பது அதன் முதற் கடமை. அத்துடன், உஷ்ணத்தைச் சுமந்து சென்று ஆற்றுகிறது, துருப்பிடியாமல் காக்கிறது, கரியையும் அழுக்கையும் ஓரிடத்தில் படியவிடாமல் தன்னிடமே வைத்துக்கொள்கிறது. புதிதாக ஊற்றிய எண்ணெய் சில நாட்களிலேயே கறுத்துவிட்டதென்று சிலர் வருந்துவதுண்டு. எண்ணெய் தன் வேலையைச் செய்கிறது என்பதற்குப் பெரும்பாலும் அதுவே அடையாளம்.

இவ்விஷயத்தில் நம் நாட்டார் புதியவர்கள் அல்லர். கட்டை வண்டியின் அச்சுக்கு வைக்கோற் கரியை விளக்கெண்ணெயில் குழைத்து மசகிட்டவர்கள் நம் பாட்டனார்கள். முதல் உலக யுத்தத்தில் பறந்த விமானங்கள் பலவற்றின் சுழலும் எஞ்சின்களுக்கும் அந்த விளக்கெண்ணெயே மசகாக இருந்தது. இங்கிலாந்தில் வேக்ஃபீல்டு கம்பெனியார் 1909-ல் வெளியிட்ட எண்ணெயில் விளக்கெண்ணெய் கலந்திருந்தது. விளக்கெண்ணெய்க்கு இங்கிலீஷில் வழங்கும் 'காஸ்டர்' என்ற சொல்லிலிருந்துதான் 'காஸ்ட்ரால்' என்ற பெயர் பிறந்தது. ஆயினும், விளக்கெண்ணெய் சூட்டில் நாளடைவில் பிசினாகி ஒட்டிக்கொள்ளும் குணமுடையது. ஆகவே, பூமியிலிருந்து எடுக்கும் பெட்ரோலிய எண்ணெய் அதன் இடத்தைப் பிடித்தது.

சாதாரண எஞ்சின் எண்ணெய் என்பது கச்சா எண்ணெயைக் காய்ச்சி வடித்து, மெழுகையும் வேண்டாத பொருள்களையும் நீக்கி, சில மருந்துகளைச் சேர்த்துத் தயாரிப்பது. 1969-ல் உற்பத்தி தொடங்கிய சென்னை மணலி ஆலையிலும் அதற்குரிய மூல எண்ணெய் தயாராகிறது. எவ்வளவு வடித்தாலும் அதன் மூலக்கூறுகள் சலிக்காத ஆற்று மணலைப்போலப் பெரிதும் சிறிதுமாகவே இருக்கும். சிறியவை சூட்டில் ஆவியாகும். பலவீனமானவை கருகிப் பசையாகும். செயற்கை எண்ணெயிலோ, மூலக்கூறுகளை ரசாயன முறையில் ஏறக்குறைய ஒரே விதமாகக் கட்டியமைக்கிறார்கள். அதனால் அது குளிரில் எளிதில் கெட்டியாவதில்லை. கடுஞ் சூட்டில் எளிதில் நீர்த்துப்போவதும் இல்லை.

இந்த வித்தை முதிர்ந்தது இரண்டாம் உலக யுத்த காலத்தில். பெட்ரோலியம் போதாமல் தவித்த ஜெர்மனி அதில் தீவிரமாக இறங்கிற்று. பின்னர் ஜெட் விமானங்கள் வந்தபோது அவற்றின் உஷ்ணத்தைத் தாங்கச் செயற்கை எண்ணெய் இன்றியமையாததாயிற்று. அவ்வெண்ணெய்களில் ஒரு வகைக்கு வேண்டிய செபாசிக் அமிலம் எதிலிருந்து கிடைக்கிறது தெரியுமா? ஆமணக்கு விதையிலிருந்து! பாட்டனாரின் மசகு வேறு வேஷம் பூண்டு ஆகாயத்தில் ஏறிவிட்டது. உலகில் ஆமணக்கு மிகுதியாக விளையும் தேசம் நம் இந்தியாதான் என்பதையும் வாசகர்கள் நினைவில் வைக்கவேண்டும். சாதாரண மோட்டார் வண்டிகளுக்குச் செயற்கை எண்ணெய் பரவலாக விற்பனைக்கு வந்தது 1970-களிலேதான்.

டப்பாவின்மேல் 'சிந்தெடிக்' என்று கண்டவுடன் மயங்கிவிடலாகாது. இச்சொல்லின் பொருளைக் குறித்து அமெரிக்காவில் மோபில், காஸ்ட்ரால் ஆகிய இரு கம்பெனிகளுக்குள் வழக்கு மூண்டது. கச்சா எண்ணெயையே ஹைட்ரஜன் கொண்டு மிகக் கடுமையாகச் சுத்திகரித்த எண்ணெயையும் அப்பெயரால் விற்கலாம் என்று விளம்பரங்களை விசாரிக்கும் சபை 1999-ல் தீர்ப்புக் கூறிற்று. இன்று கடையில் கிடைப்பவற்றுள் பெரும்பகுதி இவ்வகையே. அது நல்ல எண்ணெய்தான். ஆனால் நாம் பார்க்க வேண்டியது டப்பாவின் முகப்பிலுள்ள பெரிய எழுத்தையன்று. பின்புறத்திலுள்ள எண்களையும் தரக்குறிப்பையும்.

20டபிள்யூ-50, 5டபிள்யூ-30 என்றெல்லாம் எழுதியிருக்கிறதல்லவா? 'டபிள்யூ'வுடன் நிற்கும் எண் குளிரில் எண்ணெய் எவ்வளவு இளகியிருக்கும் என்பதைச் சொல்வது. சிறிய எண்ணானால் அதிக இளக்கம். மற்ற எண் 100 டிகிரி சூட்டில் அதன் கெட்டித்தன்மையைச் சொல்வது. பனி உறையும் தேசத்தாருக்கு முதல் எண் உயிர் நிலை. சித்திரை வெயில் 40 டிகிரியைத் தாண்டும் திருச்சிராப்பள்ளியில் அந்த நெருக்கடி இல்லை. எனினும், காலையில் எஞ்சினைக் கிளப்பிய கணத்தில் இளக்கமான எண்ணெய் விரைந்து மேலே ஏறி உறுப்புகளை நனைக்கிறது. அந்த லாபம் நமக்கும் உண்டு.

இனி, நம் ஊர்ப் பிரயாணத்தைக் கவனிப்போம். ஸ்ரீரங்கத்தில் புறப்பட்டு அம்மாமண்டபம் சாலை, மாம்பழச்சாலை, காவிரிப் பாலம் வழியாகச் சத்திரம் பேருந்து நிலையத்தை அடையச் சுமார் ஐந்து கிலோமீட்டர் தூரம். அதற்குள் எத்தனை முறை நிற்பதும் நகர்வதும்! ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் நீர் ஆவியாக உண்டாகிறது. பெரும்பகுதி புகைக்குழாய் வழியே போய்விடும்; சிறிதளவு எண்ணெயில் இறங்கும். எஞ்சின் நன்றாகச் சூடேறினால் அந்த நீர் ஆவியாகி வெளியேறும். இவ்வளவு குறுகிய ஓட்டத்தில் எண்ணெய் அவ்வளவு சூடேறுவதில்லை. நீரும் எரியாத பெட்ரோலும் எண்ணெயிலே தங்கிவிடுகின்றன.

ஆகவே, 'செயற்கை எண்ணெய் ஊற்றிவிட்டோம். இனி நெடுநாள் கவலையில்லை' என்று ஸ்ரீரங்கத்துக்கும் சத்திரத்துக்குமாக வண்டியோட்டுபவர் எண்ணுவது தவறு. கிலோமீட்டர் கணக்கு நிறையாவிட்டாலும் வருஷத்துக்கு ஒருமுறையாவது எண்ணெயை மாற்றியே தீரவேண்டும். இன்னொரு பக்கம், அடிக்கடி சென்னைக்கு முந்நூறு கிலோமீட்டருக்கு மேல் விரைந்து செல்பவருக்கும், டர்போ பூட்டிய புதிய வண்டி வைத்திருப்பவருக்கும் செயற்கை எண்ணெய் கொடுத்த காசுக்குப் பலன் தரும். டர்போவின் அச்சு நிமிஷத்துக்கு லட்சம் சுற்றுக்கு மேல் சுழல்வது. அதன் சூட்டில் சாதாரண எண்ணெய் கருகிவிடும்.

பழைய அம்பாஸிடர், பியட் வண்டிகளைப் போற்றிக் காப்பவர்கள் சற்று நிதானிக்க வேண்டும். அவ்வண்டிகளின் தேய்ந்த உறுப்புகளுக்கு 20டபிள்யூ-50 போன்ற கெட்டி எண்ணெயே பொருத்தம். விலை உயர்ந்ததென்று 0டபிள்யூ-20 ஊற்றினால் படலம் மெலிந்து தேய்மானம் மிகும். எண்ணெய் கசியவும் கூடும். அப்போது பழி செயற்கை எண்ணெயின்மேல் விழுகிறது. உண்மையில் குற்றம் எண்ணைப் பாராமல் வாங்கியதே. ஒருமுறை மாறிவிட்டால் திரும்ப முடியாது என்பதும், இரண்டும் சிறிது கலந்தாலே எஞ்சின் பாழாகும் என்பதும் ஆதாரமற்ற பேச்சு. வண்டியோடு வந்த புஸ்தகத்தில் கண்ட எண்ணும் தரமுமே பிரமாணம். மாற்றும்போது ஃபில்ட்டரையும் கூடவே மாற்றவேண்டும். பின்னர் முதல் ஆயிரம் கிலோமீட்டர் வரையில் அளவுகோலை உருவி எண்ணெய் மட்டத்தை அடிக்கடி பார்த்துவர வேண்டும்.

இறக்கிய பழைய எண்ணெய் எங்கே போகிறது? இதுவே நம் ஊரார் எல்லாவற்றுக்கும் மேலாகக் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி. முக்கொம்பில் பிரியும் காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே மணலில் அமர்ந்த தீவு ஸ்ரீரங்கம். அவ்விரு நதிகளின் மணற்படுகையிலிருந்துதான் திருச்சி நகரம் குடிநீர் பெறுகிறது. ஒருமுறை மாற்றும் எண்ணெய் பத்து லட்சம் காலன் நல்ல நீரைக் கெடுக்க வல்லது என்று அமெரிக்கச் சுற்றுச்சூழல் இலாகா எச்சரிக்கிறது. அப்படியிருக்க, பட்டறை வாசலில் மண்ணிலும் சாக்கடையிலும் அதைக் கொட்டுவது நாம் குடிக்கும் குடத்தில் கொட்டுவதற்கு ஒப்பாகும். 2016-ஆம் வருஷத்து விதிகளின்படி பழைய எண்ணெய் அபாயகரமான கழிவு. அனுமதி பெற்ற சுத்திகரிப்பாளரிடமே அது சேரவேண்டும். சுத்தம் செய்தால் மீண்டும் எண்ணெயாகவே பயன்படும். கச்சா எண்ணெயில் நூற்றுக்கு எண்பத்தைந்து பங்குக்கு மேல் அந்நிய நாடுகளிலிருந்து வாங்கும் தேசத்தில் அது சிறிய லாபமன்று.

எனவே, நெடுந்தூரம் ஓடும் புதிய வண்டிக்குச் செயற்கை எண்ணெய் தகும். ஊருக்குள்ளேயே உலவும் சாதாரண வண்டிக்கு, புஸ்தகம் அனுமதித்தால், தவறாமல் மாற்றப்படும் சாதாரண எண்ணெயே போதும். எந்த எண்ணெயானாலும், அடுத்த முறை மெக்கானிக்கிடம் விலை கேட்கும்போது, "இறக்கும் பழைய எண்ணெயை யாரிடம் கொடுக்கிறீர்கள்?" என்றும் கேட்டு வாருங்கள். தக்க பதில் சொல்லும் பட்டறையிலேயே வண்டியை விடுங்கள்.