விறைத்துப்போகும் எஃகு

காஞ்சிரங்குளத்திலிருந்து பாறசாலை, மார்த்தாண்டம், நாகர்கோவில் என்று கிழக்கே போனால் கூடங்குளம். 2013இலும் 2016இலும் இயங்கத் தொடங்கிய இரண்டு ரஷ்ய வகை அணு உலைகள், தலா 1,000 மெகாவாட். ஒவ்வொன்றின் நடுவிலும் ஏறத்தாழ 20 சென்டிமீட்டர் கனத்தில் ஓர் எஃகுக் கலன். வால்வை மாற்றலாம், பம்பை மாற்றலாம். இந்தக் கலனை மட்டும் மாற்றுவதில்லை. உலையின் ஆயுள் இதன் ஆயுள்தான்.

எரிபொருளிலிருந்து தெறிக்கும் வேக நியூட்ரான்கள் கலனின் சுவரில் ஆண்டுக்கணக்காக மோதுகின்றன. ஒரு மோதலில் நூற்றுக்கணக்கான இரும்பு அணுக்கள் இடம்பெயரலாம். பெரும்பாலானவை உடனே ஏதோ ஒரு காலியிடத்தில் அமர்ந்துவிடும். மிஞ்சும் வெற்றிடங்களும், மெல்ல ஒன்றுசேரும் செம்பு, நிக்கல் அணுத் திரள்களும் எஃகின் நெகிழ்வைத் தடுக்கும். கட்டுக்கம்பியை ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப மடக்கினால் விறைத்து, பிறகு பட்டென்று ஒடியுமே, அதுபோல.

ஆக, கதிர்வீச்சு எஃகின் பலத்தைக் கூட்டுகிறது. ஆபத்தும் அதுதான். வளைந்துகொடுக்காத எஃகில் விரிசல் ஓடத் தொடங்கினால் நிற்காது. இவ்வகை எஃகு குளிரில் நொறுங்கும், சூட்டில் நெகிழும். கதிர்வீச்சு அந்த எல்லை வெப்பநிலையை மேலே தள்ளிவிடுகிறது. 300 டிகிரியை ஒட்டி இயங்கும் கலனுக்குச் சாதாரண நாளில் கவலை குறைவு. விபத்து நேரத்தில் அவசரக் குளிர்நீர் உள்ளே பாயும்போதுதான் உண்மையான சோதனை.

இதை முன்கூட்டியே அறிய, கலனின் அதே எஃகிலும் பற்றவைப்பு உலோகத்திலும் வெட்டிய துண்டுகளை உலைக்குள்ளேயே வைத்து, சில ஆண்டுகளுக்கு ஒருமுறை எடுத்து, தடித்த சுவர் கொண்ட அறைக்குள் இயந்திரக் கையால் கையாண்டு உடைக்கிறார்கள். 55 மில்லிமீட்டர் நீளம், 10 மில்லிமீட்டர் கனம், நடுவே 2 மில்லிமீட்டர் ஆழத்தில் ஒரு வெட்டு. ஊசல் சம்மட்டியின் ஒரே அடி. உடைந்த முகம் மங்கலாய் நார்நாராய் இருந்தால் நல்லது; மணிமணியாய் மினுங்கினால் எஃகு நொறுங்கத் தொடங்கிவிட்டது. 1969இல் தொடங்கிய தாராப்பூர் உலைகளின் துண்டுகளும் இப்படிச் சோதிக்கப்பட்டவையே.

அமெரிக்காவின் யாங்கி ரோ உலை, கலன் எவ்வளவு விறைத்திருக்கிறது என்ற கேள்விக்கு உறுதியான பதில் தர முடியாமல் 1992இல் நிரந்தரமாக மூடப்பட்டது. பின்லாந்தின் லோவீசாவிலோ, 1996இல் கலனின் பற்றவைப்புப் பகுதியை ஏறத்தாழ 475 டிகிரிக்குச் சூடாக்கி நெகிழ்வை மீட்டார்கள். அந்த உலை இன்னும் ஓடுகிறது.

கூடங்குளம் கலனின் பற்றவைப்பு பற்றிய கேள்வி அங்கு நடந்த அணு உலை எதிர்ப்புப் போராட்டக் காலத்திலேயே எழுந்தது. துண்டுகள் சோதிக்கப்படும் ஒவ்வொரு முறையும் அதன் முடிவைத் தமிழிலும் மலையாளத்திலும் வெளியிட வேண்டும். இடிந்தகரை முதல் பூவாறு வரை கடலோரத்தில் வாழ்பவர்களுக்கு அதைக் கேட்கும் உரிமை உண்டு.