வெடிப்பைக் காட்டியவனா சுவரைப் பிளந்தான்?

“சமுதாயத்தைப் பிளக்கிறார்கள்! ஒற்றுமையைக் குலைக்கிறார்கள்!” – இப்படியொரு கூக்குரல் அமெரிக்காவிலே கிளம்பியிருக்கிறது. எல்லா இனத்தாருக்கும் இடம், சமநீதி, எவரையும் ஒதுக்காமை – இம்மூன்றையும் நோக்கமாகக் கொண்ட திட்டங்கள்மீது வீசப்படும் பழி இது. 2025 ஜனவரி 20ஆம் நாள் பதவியேற்ற அதிபர் டிரம்ப், அன்றே மத்திய அரசு அலுவலகங்களில் அத்திட்டங்களை நிறுத்த ஆணையிட்டார். மறுநாள், 1965இல் அதிபர் ஜான்சன் பிறப்பித்த ஆணையையும் ரத்துச் செய்தார். அரசாங்க ஒப்பந்தம் பெறும் முதலாளி இனபேதம் காட்டலாகாது, ஒதுக்கப்பட்டோரும் வேலை பெற முயற்சி எடுக்கவேண்டும் என்று கூறிய ஆணை அது. ஏறத்தாழ 60 ஆண்டு வாழ்ந்த ஆணை, ஒரே கையெழுத்தில் மாண்டது!

நாம் கேட்கிறோம்: அந்த நாட்டைப் பிளந்தது யார்? 1619இல் வர்ஜீனியாவில் ஆப்பிரிக்கரை இறக்கி விற்றார்களே, அன்று இந்தத் திட்டங்கள் இருந்தனவா? 1865இல் அடிமைமுறை ஒழிந்தது. விலங்கு ஒழிந்ததே தவிர, வேலி ஒழிந்ததா? 1896இல் உச்சநீதிமன்றமே, இனத்துக்கொரு ரயில் பெட்டி சரிதான் என்று தீர்ப்பளித்தது. தென் மாநிலங்களிலே பள்ளி தனி, பேருந்தில் இருக்கை தனி, குடிநீர்க் குழாயும் தனி! அன்றெல்லாம் தெரியாத பிளவு, கறுப்பரின் மகன் கல்லூரி வாயிலில் காலடி வைத்ததும் தெரிகிறதாம்!

2023 ஜூன் 29இல், ஹார்வர்டு, வட கரோலினா பல்கலைக்கழக வழக்குகளில், மாணவரைச் சேர்க்கும்போது இனத்தைக் கணக்கில் எடுக்கலாகாது என்றது அதே நீதிமன்றம். பழைய மாணவரின் பிள்ளை என்பதற்காகக் காட்டப்படும் சலுகைக்கோ, அத்தீர்ப்பு தடை போடவில்லை. பாட்டன் படித்ததால் பேரனுக்குச் சலுகை – அது தகுதி! பாட்டனைப் படிக்கவிடாததால் பேரனுக்கு வழி – அது பிளவு! எவ்வளவு அழகான நியாயம்!

இந்தப் பாட்டு நமக்குப் புதிதல்ல, தோழர்களே! 1928இல் அமைச்சர் முத்தையா முதலியார் வகுப்புவாரி உரிமையைச் செயலாக்கியபோது, ‘வகுப்புத் துவேஷம்’ என்றனர். 1951இல் உச்சநீதிமன்றம் அதைச் செல்லாதென்றது, தமிழகம் கொதித்தது, பெரியார் போர்முரசு கொட்டினார், அவ்வாண்டே அரசியல் சட்டம் முதன்முறையாகத் திருத்தப்பட்டது. 2019இல், ஏற்கெனவே ஒதுக்கீடு பெறாத வகுப்பாரில் பொருளாதாரத்தில் நலிந்தோருக்கு 10 விழுக்காடு வந்ததே, ‘பிளவு’ என்று கூவியோரின் குரல் அன்று எங்கே ஒளிந்தது?

ஒருநாள் வகுப்பு நடத்தி, சுவரிலே வண்ணப்படம் மாட்டி, சமநீதி வந்துவிட்டதாகத் தம்பட்டம் அடிக்கும் முதலாளிகளும் உண்டு. அந்த வேடத்தை நாமும் கண்டிக்கிறோம். பென்சில்வேனியாவில் எஃகு ஆலைகள் மூடப்பட்டு வேலையிழந்த வெள்ளைத் தொழிலாளியின் கண்ணீரும் உண்மையே. ஆனால், ஆலையை மூடியவன் கறுப்புத் தொழிலாளியா? அவனும்தானே வாயிலுக்கு வெளியே நிற்கிறான்! இருவரையும் மோதவிட்டு, மூடியவன் தப்பிக்கொள்கிறான். பிளவு என்றால் அதுவன்றோ பிளவு!

சுவரிலுள்ள வெடிப்பைச் சுட்டிக்காட்டியவன், சுவரைப் பிளந்தவனல்லன். வெடிப்பின்மேல் சுண்ணாம்பு பூசி ‘ஒற்றுமை’ என்று எழுதுகிறானே, அவனிடம்தான் எச்சரிக்கை தேவை.

ஆலை வாயிலிலும் தேநீர்க் கடையிலும் எவரேனும் இந்தப் பழியைச் சொன்னால், ஒரே ஒரு கேள்வி கேளுங்கள், தோழர்களே: ஒதுக்கீடு வருமுன் எல்லாரும் ஒரே பந்தியிலா உட்கார்ந்திருந்தோம்?