அப்பா மறைச்சார், நான் சொல்லிட்டேன்
என் சி.ஏ. கோச்சிங் ஃபீஸுக்காக அம்மாவோட செயின் அடகுக்குப் போச்சு. அதுவே எனக்குத் தெரிஞ்சது வேலைக்குப் போன பிறகுதான். பிள்ளைங்ககிட்ட காசுக் கஷ்டம் பேசக்கூடாதுங்கிறது அப்பாவோட கொள்கை.

நான் நேர்மாறு. போனை நீட்டினா எதையும் வாங்கலாம்னு நினைச்ச என் பொண்ணுக்கு, 10 வயசு முடிஞ்சதும் அவளே இயக்குற மாதிரி சேவிங்ஸ் அக்கவுண்ட் திறந்தேன். ரிசர்வ் வங்கி இதை அனுமதிக்குது; லிமிட் மட்டும் பேங்க்குக்கு பேங்க் மாறும். (அதில் வர்ற வட்டி, பெற்றோரில் யாருக்கு வருமானம் அதிகமோ அவங்க வருமானத்தோட சேரும். மறந்துடாதீங்க.)

வீட்டு லோன் இ.எம்.ஐ. எவ்வளவுன்னும் சொன்னேன். மறுவாரம் ஸ்கூல் டூருக்கு அவ பேரே கொடுக்கலை. "காசு செலவாகும்லப்பா"ன்னா. அப்பா என்னைப் பார்த்தார், ஒண்ணும் சொல்லலை.

டூருக்குப் பணம் கட்டிட்டேன். அடுத்த மாச இ.எம்.ஐ. பேச்சை அவ முன்னாடி எடுக்கறதா வேணாமான்னுதான் யோசிச்சிட்டு இருக்கேன்.