இல்லாத கை வலிப்பது ஏன்?
மூளையின் "மேல்பட்டை" செய்யும் விந்தை

ஞாயிற்றுக்கிழமை கறிக்கடையில் ஆட்டு மூளையைப் பார்த்திருப்பீர்கள். மேலே முழுவதும் மடிப்பு மடிப்பாக இருக்கும். மனித மூளையும் அதே ஜாதிதான். ஆனால் ஆட்டு மூளை நூறு கிராமுக்குச் சற்று மேல். மனித மூளையோ சுமார் 1 கிலோ 300 கிராம்! மடிப்புகளும் அதிகம்.

இந்த மடிப்புகள் உள்ள மேல் பகுதிக்குப் "பெருமூளைப் புறணி" என்று பெயர். பெயரைக் கேட்டு மிரள வேண்டாம். மரத்துக்குப் பட்டை, மூளைக்குப் புறணி. அவ்வளவுதான். தேங்காய் ஓட்டின் தடிப்புதான் இருக்கும். 2 முதல் 4 மில்லி மீட்டர். அதற்குள் சுமார் 1,600 கோடி நரம்பு செல்கள் ஆறு அடுக்குகளாக அமைந்திருக்கின்றன.

மடிப்புகளை நீவி விரித்தால் ஒரு பெரிய கைக்குட்டை அளவு வரும். கைக்குட்டையைக் கசக்கிச் சட்டைப் பைக்குள் திணிக்கிறோம் அல்லவா? மண்டை ஓட்டுக்குள் அது அப்படித்தான் அடங்கி இருக்கிறது.

தாயின் வயிற்றில் ஐந்து மாதக் குழந்தையின் மூளையோ ஏறக்குறைய வழவழவென்றே இருக்கும். மடிப்புகள் பெரும்பாலும் கடைசி மாதங்களில் விழுகின்றன. சிசுவின் மூளை எப்படி வளர்கிறது என்பதற்குச் சென்னை ஐ.ஐ.டி. விஞ்ஞானிகள் ஒரு படத்தொகுப்பே தயாரித்தார்கள். மூளையை மெல்லிய சீவல்களாகச் சீவி, 5,132 சீவல்களைப் படம் எடுத்தார்கள். 2024 டிசம்பரில் வெளியிட்டார்கள். அதற்கு வைத்த பெயர் "தரணி".

வாய்க்காலில் தண்ணீர்

வத்திராயிருப்பு வயலில் ஒருவர் நிற்கிறார். பிளவக்கல் அணையில் தண்ணீர் திறந்துவிட்டார்கள். வாய்க்காலில் சலசலப்பு கேட்கிறது. அதைக் கேட்பது காதுக்கு மேலே, பக்கவாட்டில் உள்ள புறணி. திரும்பிப் பார்க்கிறார். கண் முன்னால் இருந்தாலும், பார்ப்பது பின்மண்டையில் உள்ள புறணி! பிடரியில் பலமாக அடிபட்டவருக்குக் கண் நன்றாக இருந்தும் பார்வை போவது இதனால்தான்.

"எந்த மடையை முதலில் திறக்கலாம்?" என்று யோசிக்கிறார். அது நெற்றிக்குப் பின்னால் உள்ள பகுதியின் வேலை. காலில் சேற்றின் குளிர்ச்சி ஏறுகிறது. அதை உணர்வது உச்சந்தலைப் பக்கம். வலது கையால் மண்வெட்டியைத் தூக்குகிறார். உத்தரவு போட்டது இடது மூளை! வலது கைக்கு இடது மூளை, இடது கைக்கு வலது மூளை. நரம்புகள் வழியில் பக்கம் மாறி விடுகின்றன.

கன்னத்தைத் தொட்டால் கட்டை விரல்!

கனடா நாட்டு டாக்டர் பென்ஃபீல்டு, மூளை ஆபரேஷன் செய்யும்போது புறணியில் மிக லேசான மின்சாரம் பாய்ச்சிப் பார்த்தார். ஒரு இடத்தில் பாய்ச்சினால் விரல் கூச்சம். பக்கத்தில் பாய்ச்சினால் முகத்தில் கூச்சம். இப்படி ஒரு "வரைபடம்" தயாரித்து 1937-ல் வெளியிட்டார். அதில் முதுகுக்குக் கொஞ்சம் இடம்தான். கைக்கும் உதட்டுக்கும் ஏராளமான இடம். கையும் முகமும் பக்கத்துப் பக்கத்து வீடு.

இந்தப் படத்தை வைத்து ஒரு புதிரை ஆராய்ந்தவர் தமிழ் நாட்டுக்காரர். 1951-ல் பிறந்து, சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்து, அமெரிக்கா சென்ற வி.எஸ்.ராமச்சந்திரன்.

கையை இழந்தவர்கள் பலருக்கு அந்தக் கை இன்னும் இருப்பது போலவே தோன்றும். சிலருக்கு அது வலிக்கவும் செய்யும். மில் விபத்திலோ வெடி விபத்திலோ கை போனவர் "விரல் குடைகிறது" என்றால் சிரிக்கக் கூடாது. அந்த வலி நிஜம்.

ராமச்சந்திரன் அப்படி ஒரு வாலிபரின் கண்ணைக் கட்டி, கன்னத்தைப் பஞ்சால் தொட்டார். "இல்லாத கையின் கட்டை விரலைத் தொடுகிறீர்கள்" என்றார் வாலிபர்! கை போனதும், அதன் காலி இடத்தைப் பக்கத்து வீட்டு முகம் பிடித்துக்கொண்டது என்று ராமச்சந்திரன் விளக்கினார்.

பிறகு ஒரு பெட்டி செய்தார். நடுவில் ஒரு முகம் பார்க்கும் கண்ணாடி. நல்ல கையை அதன் முன் நீட்டினால், போன கை திரும்பி வந்தது போலத் தெரியும். முறுக்கிக்கொண்டு வலித்த "விரல்கள்" பிரிந்தது போலச் சிலருக்குத் தோன்றியது. வலி குறைந்தது. எல்லோருக்கும் பலிக்கவில்லை. ஆனால் செலவு என்ன? ஒரு கண்ணாடிதானே!

அவருடைய விளக்கத்தை இப்போது எல்லோரும் ஒப்புக்கொள்ளவில்லை. மூன்று பேருக்குக் கை எடுப்பதற்கு முன்பும் பின்பும் மூளையை ஸ்கேன் எடுத்துப் பார்த்து, கைக்கு உரிய இடம் அப்படியே இருக்கிறது என்று 2025-ல் ஒரு ஆய்வு வெளியாயிற்று. வழக்கு இன்னும் முடியவில்லை.

நாலரை மணி நேரம்

புறணிக்குப் போகும் ரத்தக் குழாய் அடைத்துக்கொண்டால் பக்கவாதம். வாய் ஒரு பக்கம் கோணும். ஒரு கை தொய்யும். பேச்சுக் குழறும். இடது மூளை பாதித்தால் வலது கையோடு பேச்சும் போவது உண்டு. பேச்சுக்கு உரிய இடம் பெரும்பாலோருக்கு இடது பக்கம்தான்.

அடைப்பு நீடித்தால் நிமிஷத்துக்குச் சுமார் 19 லட்சம் செல்கள் சாகின்றன என்று கணக்கிட்டிருக்கிறார்கள். கட்டியைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். அதற்கு முன் ஸ்கேன் எடுத்தாக வேண்டும். ரத்தக் கசிவாக இருந்தால் அதே ஊசி ஆபத்து. "காலையில் பார்த்துக்கொள்ளலாம்" என்று எண்ணெய் தேய்த்துக்கொண்டிருக்கக் கூடாது. தண்ணீர் கூடக் கொடுக்கக் கூடாது, புரை ஏறும். எப்போது ஆரம்பித்தது என்று மணியைக் குறித்துக்கொண்டு 108-க்குப் போன் செய்யுங்கள். ஸ்கேன் வசதி உள்ள ஆஸ்பத்திரிக்கே கொண்டு போகச் சொல்லுங்கள். விருதுநகரில் அரசு மருத்துவக் கல்லூரி 2022-ல் வந்துவிட்டது.

பிழைத்தவர்களுக்குக் கை திரும்ப வர மாதக் கணக்கில் பயிற்சி தேவை. ராமச்சந்திரனின் கண்ணாடியை அங்கேயும் பயன்படுத்துகிறார்கள். நல்ல கையை மேஜை மேல் வைத்து, கண்ணாடியைப் பார்த்தபடியே விரல்களை மெதுவாக மூடித் திறக்கச் சொல்கிறார்கள்.