இல்லக் கணினிக்கு அலுவலக வழி

அலுவலகத்திலிருந்தே இல்லக் கணினியை இயக்குவது இற்றைநாளில் எளிது. விண்டோஸின் தொலைமேசை வசதி இதற்கென 3389 எனும் எண்ணுள்ள நுழைவாயிலைப் பயன்படுத்துகிறது. அதனை இணையத்தின்பால் திறந்து வைப்போமாயின், கடவுச்சொல்லை ஓயாது ஊகித்துப் பார்க்கும் கள்வர்தம் நிரல்களுக்கும் அது திறந்தே கிடக்கும். 2019 மே மாதம் அறிவிக்கப்பட்ட 'புளூகீப்' என்னும் குறைபாடோ கடவுச்சொல்லின்றியே உட்புக இடந்தந்தது. 2014 இலேயே ஆதரவு நிறுத்தப்பட்ட விண்டோஸ் எக்ஸ்பிக்கும் மைக்ரோசாப்ட் திருத்தம் வழங்கியதெனின் அதன் கடுமை விளங்கும்.

தீங்கு வீட்டோடு நிற்பதன்று. அலுவலகத்தின் தீயரண் வெளியார் தொடுக்கும் இணைப்பைத் தடுக்கும். உள்ளிருந்து நாமே தொடுக்கும் இணைப்பைப் பெரும்பாலும் ஐயுறாது. அவ்விணைப்பில் வட்டுப் பகிர்வையும் இசைவித்துவிட்டால், வீட்டில் பிள்ளைகள் விளையாட்டெனக் கருதிப் பதிவிறக்கிய நச்சுநிரல் மாணவர்தம் மதிப்பெண் கோப்புகள் வரை எட்டும். எனவே அவ்வாயிலை மூடி, மறையாக்கம் செய்த தனிவழியில், நிர்வாகத்தின் இசைவு பெற்றே செல்லுதல் வேண்டும். வட்டுப் பகிர்வு அறவே வேண்டா.